மாதம் இரண்டு இளையராஜா

மாமாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட சாதாரணப் புத்தகம்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள்: பாட்டின் தொடக்கம், படம், இசை, பாடியவர், எழுதியவர். சில வரிகளில் கடைசிப் பத்தி காலியாக இருக்கும். அறிவிப்பாளர் கவிஞரின் பெயரைச் சொன்ன நேரத்தில் வீட்டில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், இல்லையென்றால் மூவார் மழை தகரக் கூரையில் அடித்திருக்கும். மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறுவதற்கு முன்னால், அது வானொலி 6ஆக இருந்த காலத்தில் எழுதியது.

போன வருஷம் ஒரு நாள், நான் மாதாமாதம் காசு கட்டிக் கேட்கும் சேவையில் என்னுடைய பட்டியலில் ஏழு பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. தொட்டால் பாடாது. கட்டணம் மட்டும் வழக்கம்போலக் கழிந்தது. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "இதுல நாலு எங்கிட்ட கேசட்டுல இருக்குடா. ஆமா, யாரு எழுதுனதுன்னு எங்கயுமே போடலியே?" என்றார். பாட்டு காணாமல் போனதைவிட அந்தப் பத்தி இல்லாததுதான் அவருக்கு உறுத்தியது.

அன்றைக்கு ராத்திரிதான் இந்த மாதச் சந்தா வியாபாரம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கம்பி வழியாகக் காசுக்குப் பாட்டு என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1949லேயே சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிஃபியூஷன் வந்துவிட்டது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு கம்பி, மாதக் கட்டணம். இணையத்தில் அதே யோசனை வர இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. அதுவும் பயத்தில்தான் வந்தது. 1999இல் வந்த நாப்ஸ்டர், யார் வேண்டுமானாலும் யாருடைய கணினியிலிருந்தும் பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001 ஜூலையில் அதை நிறுத்தின. நிறுத்தியவர்கள் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே, அதே வருஷம் டிசம்பரில் இரண்டு சேவைகளைக் கொடுத்தார்கள்.

ஒன்று மியூசிக்நெட். ரியல்நெட்வொர்க்ஸ், ஏஓஎல் டைம் வார்னர், பிஎம்ஜி, ஈஎம்ஐ சேர்ந்து நடத்தியது. இன்னொன்று பிரஸ்பிளே. சோனியும் யுனிவர்சலும் சேர்ந்தது. மியூசிக்நெட் பாட்டுகளை ரியல்நெட்வொர்க்ஸ் மாதம் 9.95 டாலருக்கு விற்றது: 100 பாட்டு நேரடியாகக் கேட்கலாம், 100 பாட்டு இறக்கிக்கொள்ளலாம். இறக்கியது 30 நாளில் செத்துவிடும். பிரஸ்பிளேயில் அதே 9.95 டாலருக்கு 300 முறை கேட்கலாம், 30 பாட்டு இறக்கலாம். சிடியில் எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் அதைவிட விலை கூடிய திட்டத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. மாதத்தில் ஒரே கலைஞரின் பாட்டு இரண்டுக்கு மேல் எழுதக் கூடாது.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம் ஆள் ஒருவர் அந்தச் சேவையில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதத்துக்கு இரண்டு இளையராஜா. ஒரு படத்தின் பாட்டு முழுவதையும் சேர்க்கவே மூன்று மாதம் ஆகும்.

சேர்ந்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களை நினைத்து அவை தொடங்கப்படவில்லை. ஒரு கணக்குக்காக மட்டும் போட்டுப் பார்த்தேன். அப்போது ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. 9.95 டாலர் என்பது 37 ரிங்கிட் 81 காசு. அந்தக் காசுக்கு, இரண்டு சேவையிலும் பாதிப் பாதிப் பாட்டு. ஒரு நிறுவனத்தின் பாட்டு இங்கே இருந்தால் பெரும்பாலும் அங்கே இருக்காது. 2006இல் 'பிசி வேர்ல்ட்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான மோசமான தொழில்நுட்பப் பொருள்களைப் பட்டியலிட்டபோது இந்த இரண்டையும் சேர்த்து ஒன்பதாவது இடத்தில் வைத்தது. நியாயம்தான்.

அதே டிசம்பரில் வந்த ராப்சடிதான் ஆச்சரியம். லிசன்.காம் என்ற சின்ன நிறுவனம் நடத்தியது. 2002இல் ஐந்து பெரிய இசை நிறுவனங்களோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மாதம் ஒரே கட்டணம், எத்தனை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்றது. இன்றைக்கு நம் கைப்பேசியில் இருப்பதன் அடிப்படை மொத்தமும் அதில் இருந்தது. கைப்பேசிதான் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டு 99 சென்ட் என்று வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மக்களுக்குப் பாட்டு சொந்தமாக வேண்டும், வாடகைக்கு வேண்டாம் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கட்சி. பத்து வருஷத்துக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

2003இல் ராப்சடியை வாங்கியது ரியல்நெட்வொர்க்ஸ். இந்த இடத்தில்தான் கதை நம் வீட்டுக்கு வருகிறது.

ரியல்நெட்வொர்க்ஸ் 1995இல் ரியல்ஆடியோவை வெளியிட்ட நிறுவனம். அந்த ரியல் பிளேயர் இல்லையென்றால் தொண்ணூறுகளின் கடைசியில் ராகா, மியூசிக்இந்தியாஆன்லைன் போன்ற தளங்கள் நடந்திருக்காது. காரணம் எளிய கணக்கு. நாலு நிமிஷப் பாட்டு 128 கிலோபிட் எம்பி3ஆக இருந்தால் ஏறக்குறைய 3.8 மெகாபைட். 56கே மோடம் என்று பெயர், நிஜத்தில் 40 கிலோபிட் கிடைத்தால் புண்ணியம். ஒரு பாட்டை இறக்கப் பதின்மூன்று நிமிஷம். அதுவரை வீட்டுத் தொலைபேசியும் வேலை செய்யாது. ரியல்ஆடியோ அதே பாட்டை 20 கிலோபிட்டுக்குள் நசுக்கி, வர வரப் பாட வைத்தது. தாளக் கருவிகளெல்லாம் தண்ணீருக்குள் அடிப்பதுபோல இருக்கும். ஆனாலும் பாடும். மூவாரில் ஒரு சைபர் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் மாமா அறுபதுகளின் பாட்டு கேட்டிருக்கிறார். "பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டைய மாத்திக்கிட்டுப் போவேன்" என்பார்.

ஆக ஒரே நிறுவனத்தின் ஒரே கருவி. ஒரு பக்கம் அமெரிக்கருக்கு மாதம் பத்து டாலர் சந்தா. இன்னொரு பக்கம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழருக்கு இலவசம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விலையைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்கச் சேவைகளின் அலமாரி 'கலைஞர், ஆல்பம், பாட்டு' என்று மூன்று தட்டு. ராகா போன்றவற்றின் அலமாரியில் நீங்கள் படம் வழியாகப் போகலாம், இசையமைப்பாளர் வழியாகப் போகலாம், பாடகர் வழியாகவும் போகலாம்.

இதை யாரும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. வானொலி நமக்குப் பழக்கிவைத்தது. பாட்டுக்கு முன்னால் படம், இசை, பாடியவர், எழுதியவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்கள். இலங்கை வானொலி கேட்டவர்களும் இதையே சொல்வார்கள். மாமாவின் ஐந்து பத்திகள் அந்தக் குரலின் வடிவம்தான். என் தொழில் மொழியில் சொன்னால் மெட்டாடேட்டா. அவர் அதைப் பேனாவால் உள்ளிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'மடை திறந்து'. 1980, நிழல்கள் படம், இசை இளையராஜா, எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். 2006இல் நம் ஊர் யோகி பி & நட்சத்திரா 'வல்லவன்' தொகுப்பில் அதை ராப் ஆக்கினார்கள். 'கலைஞர்' என்ற ஒரே கட்டத்தில் இதில் யாரைப் போடுவீர்கள்? இளையராஜாவைப் போட்டால், ஆங்கிலத்தில் அவர் பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் சேவைக்கு ஒரு தனி ஆள். வாலிக்கு இடமே கிடையாது. ஸ்பாட்டிஃபை பாட்டை எழுதியவர்களின் பெயரைக் காட்ட ஆரம்பித்ததே 2018இல்தான்.

ராகாவை இங்கே கோயிலாக்க நினைக்கவில்லை. அந்தக் காலத் தமிழ்ப் பாட்டுத் தளங்கள் பலவற்றில் எது உரிமத்தோடு ஓடியது, எது சும்மா ஓடியது என்று கேட்பவர் யாரும் கவலைப்படவில்லை. பசார் மாலாமில் ஒரே சிடியில் நூற்றுக்கு மேல் பாட்டு வாங்கி, காரில் போட்டு வளர்ந்த பிள்ளை நான். அந்த சிடியிலும் கவிஞர் பெயர் கிடையாது.

உரிமம் என்றால் யாரிடம் வாங்குவது என்பதே பெரிய முடிச்சு. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதி இசையமைக்கப்பட்ட பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்றது. தயாரிப்பாளர் கேசட் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி இன்னொன்றுக்கு விற்றது. சில கம்பெனிகள் மூடிவிட்டன. 2012இல் சட்டத்தைத் திருத்தி, எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கினார்கள். இளையராஜா பாடல்களின் உரிமை பற்றிய வழக்கில் ஒரு தரப்பாக நின்றதே மலேசிய நிறுவனம்தான், அகி மியூசிக். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் மேல்முறையீடு என்று சண்டை ஓயவில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் ஐந்து கம்பெனியோடு பேசினால் கடை திறந்துவிட முடிந்தது. தமிழுக்கு எத்தனை கதவைத் தட்ட வேண்டும்!

எங்களுக்குக் கடை திறந்தது 2012 ஜூனில், ஐடியூன்ஸ் வடிவில். 2013 ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை வந்தது, மாதம் 14 ரிங்கிட் 90 காசு. இந்தியாவுக்கு அது 2019 பிப்ரவரியில்தான் போனது. ஆறு வருஷத்துக்கு மூவாரில் இருப்பவனுக்குக் கிடைத்தது மயிலாப்பூரில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் சென்னையை முந்தியது இதில் மட்டும்தான். அங்கே போய் இரண்டு மாதத்துக்குள் சரிகம டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, அதன் பழைய பாட்டுகள் இந்தியாவில் எடுக்கப்பட்டன. 2020இல் ஒப்பந்தமாகித் திரும்பி வந்தன. அதற்கு முன்னால் திங்கானா என்ற இந்தியச் சேவை, பெரிய நிறுவனம் ஒன்று உரிமத்தைப் புதுப்பிக்காததால் 2014 பிப்ரவரியில் மூடியது. அதை வாங்கிய ஆர்டியோவும் அடுத்த வருஷம் திவால்.

சொந்தமாக வாங்கினால் மட்டும் தப்பிக்கலாம் என்றில்லை. எம்எஸ்என் மியூசிக்கில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு 2008இல் கடிதம் வந்தது: ஆகஸ்டுக்குப் பிறகு புதுக் கணினிக்கு மாற்றினால் பாட்டு திறக்காது. சாவி கொடுக்கும் சர்வரை அணைக்கிறார்கள். சத்தம் போட்ட பிறகு 2011 வரை நீட்டித்தார்கள். வாங்கிய பாட்டின் சாவி விற்றவனிடமே இருந்தது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்தால் 2017இல் அதே சரிகம விற்ற கார்வான் பெட்டி நல்ல வேடிக்கை. 5000 பாட்டை உள்ளே அடைத்து, இணையமே வேண்டாம் என்று விற்றார்கள். மாமாவுக்குச் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒன்று கொண்டுவந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் அதுதான்.

ஆனால் மாமா அந்த நாள் எடுத்துக் காட்டிய கேசட்டுகளில் ஒன்று கார்வானிலும் இல்லை, எந்தச் சேவையிலும் இல்லை. சினிமாப் பாட்டே இல்லை அது. தொண்ணூறுகளில் இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் காசு சேர்த்துப் பதிவு செய்தது, எட்டுப் பாட்டு. பாடியவர் மாமாவின் நண்பர், இப்போது இல்லை. வெளியிட்ட கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். இந்த மாதிரி எத்தனை கேசட்டுகள் ஜொகூரிலும் பேராக்கிலும் அலமாரிக்குள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றனவோ.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மடிக்கணினிக்கு மாற்றினேன். டேப் ஒரு இடத்தில் மட்டும் நெளிகிறது, மற்றபடி சுத்தம். சேவைகளுக்குப் பாட்டு அனுப்பிவைக்கும் இடைத்தரகுத் தளம் ஒன்றில் கணக்குத் திறந்தேன். படிவத்தில் இசையமைத்தவர், எழுதியவர் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மாமா சொல்லச் சொல்ல நிரப்பினேன். மூன்றாவது பாட்டை எழுதியது தோட்டத்துப் பால் அளக்கும் கங்காணி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: இந்தப் பதிவின் உரிமை என்னுடையது என உறுதியளிக்கிறேன். அதில் டிக் அடித்தால்தான் மேலே போகும்.

பாடியவரின் மகள் சிங்கப்பூரில் இருப்பதாகக் கேள்வி. இன்னும் ஆள் கிடைக்கவில்லை. படிவம் 'வரைவு' என்று நிற்கிறது.

"போட்டுட்டியா?" என்று வாரம் ஒரு முறை மாமா கேட்கிறார். போன வாரம் போனபோது நோட்டைத் திறந்து காட்டினார். அந்த எட்டுப் பாட்டையும் புதுப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். படம் என்ற பத்தியில் எட்டு இடத்திலும் ஒரு சின்னக் கோடு.