ஏற்றம் திரும்பும் இடம்

பள்ளியில் நுண்கணிதம் பயிலும் பிள்ளை 'இரண்டாம் வகைக்கெழு' என்று சொல்லிப் படிக்கும்போது, இது நமக்கு எட்டாத பாடம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கத் தேவையில்லை. கடைக்கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இதன் வேர் தெரிந்ததே.

ஒரு மூட்டை அரிசியின் விலை மாதந்தோறும் 20, 22, 26, 31, 34, 35 வெள்ளி என ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு மாதம் ஏறிய தொகை 2, 4, 5, 3, 1. ஏற்றம் 5 வெள்ளி வரை பெருகியது, பிறகு சிறுத்தது. விலையோ ஒரு மாதமும் இறங்கவில்லை. விலை மாறும் வேகமே முதல் வகைக்கெழு. அந்த வேகம் மாறும் அளவே இரண்டாம் வகைக்கெழு. அது நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கோ, எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கோ மாறும் இடந்தான் வளைவு மாற்றப் புள்ளி. அது சுழியமானால் மட்டும் போதாது; குறியும் மாற வேண்டும்.

இப்படி வேறுபாட்டின் வேறுபாட்டை ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். 1672-இல் பாரிஸ் சென்ற அவருக்கு, ஹைகன்ஸ் என்ற அறிஞர் ஓர் எண்தொடர்க் கணக்கைக் கொடுத்தார். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகளைக் கொண்டே அதை அவர் தீர்த்தார். எண்களில் கண்ட அந்த வழியைப் பின்னர் வளைகோடுகளுக்கும் கொண்டுசென்றார். இங்கிலாந்தில் நியூட்டன் 1665, 1666-ஆம் ஆண்டுகளிலேயே தம் வழியில் இக்கணிதத்தைக் கண்டிருந்தார். ஆயினும் முதலில் அச்சேற்றியவர் லைப்னிட்ஸே. 1684-இல் லைப்சிக் நகர ஆய்விதழில் வந்த அவரது கட்டுரை, கோட்டின் வளைவு திசைமாறும் புள்ளியையும் விளக்கியது.

1696-இல் பாரிஸில் வெளிவந்த லோபித்தால் பிரபுவின் நூலே நுண்கணிதத்தின் முதல் பாடநூல். இப்புள்ளிகளைக் காணும் முறை அதிலும் உண்டு. அதன் பாடங்களில் பெரும்பகுதி, அவரிடம் ஊதியம் பெற்றுக் கற்பித்த சுவிட்சர்லாந்து அறிஞர் யோகான் பெர்னூலி தந்தவை!

1838-இல் பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட், மக்கள்தொகை ஓர் எல்லைக்குள் எப்படிப் பெருகும் என்று கணித்தார். அவர் கணக்கின்படி, எல்லையில் பாதியைத் தொடும்போதே பெருக்கம் மிக விரைவானது. அதுவே அங்கே வளைவு மாற்றப் புள்ளி. அதன்பின் தொகை கூடும், வேகம் குறையும்.

ஆகவே, 'விலையேற்றம் தணிந்தது' என்று செய்தியில் கேட்டதும் 'விலை குறைந்தது' என்று நாம் எண்ணிவிடலாகாது. சம்பளம் அப்படியே இருக்க, மூட்டைக்கு 1 வெள்ளி ஏறினாலும் அது நம் கையிலிருந்து போவதுதான். இன்றிரவு பிள்ளையின் பாடநூலை வாங்கி, அந்தக் கோடு எங்கே திரும்புகிறது என்று கேட்டுப் பார்ப்போம். பிள்ளை சொல்ல நாம் கேட்பதும் ஒரு கல்விதானே!