திருநாள் தங்கியது, மொழி தங்கியதா?

ஆடி பிறந்துவிட்டால் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பஸ்ஸில் இருக்கை கிடைப்பது அரிது. உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு. ஆகஸ்ட் தொடக்கத்தில் கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழா. அதன் ஆரவாரம் அடங்குமுன்னே முன்னேஸ்வரத்தில் ஆவணி மகோற்சவம். பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் இவற்றுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். இரண்டு பத்திச் செய்தி, ஒரு படம், அத்துடன் என் கடமை முடிந்துவிடும்.

ஒருமுறை தலவிலவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள மீனவக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். கையில் செபமாலை; உதட்டில் தமிழ்ச் செபம். மடியிலிருந்த பேரன் ஏதோ கேட்டான், சிங்களத்தில். பாட்டியும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்தது. "வீட்டில் இனித் தமிழ் பேச யாருமில்லை மகன். அன்னம்மாளோடு மட்டுந்தான் பேசுகிறேன்" என்றார். அன்று அதை நான் எழுதவில்லை. அது செய்தியல்ல என்று எண்ணினேன். உண்மையில் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே செய்தி அதுதான் என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

இக்கரையின் பழமை சிறிதன்று. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா இறங்கிய துறை புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. அங்கு அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர், முன்னேஸ்வரம் இடிக்கப்பட்டது. அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியதோடு கத்தோலிக்க வழிபாட்டையும் தடைசெய்தனர். அத்தடையை மீறி 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்குள் நுழைந்த யோசப் வாஸ் அடிகளார் தமிழ் கற்றே தம் பணியைத் தொடங்கினார். அவர் வழிவந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி, 1742இல் இம்மாவட்டத்துப் போலவத்தையில் மறைந்தார். ஆகவே இக்கரையின் கத்தோலிக்கம் தொடக்கத்திலிருந்தே இருமொழிகளிலும் நடந்து வந்தது.

இக்கரை தமிழுக்குத் தந்த கொடையையும் குறைத்து மதிப்பிடலாகாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி ஒரு கத்தோலிக்கத் தமிழர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859இல் 'தமிழ் புளூட்டார்க்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவரே. அவர் பிறந்த கரையின் தென்பகுதியில் நூறாண்டுக்குள் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் தமிழ் அருகியது எங்ஙனம்?

கலப்புத் திருமணம், தொழில், அயலாரோடு இணங்கி வாழும் விருப்பம் எனக் காரணங்கள் பல. ஆனால் முதன்மையான காரணம் பாடசாலை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குள்ள கத்தோலிக்கப் பாடசாலைகளில் போதனாமொழி சிங்களமாயிற்று. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் வசமாயின. பிள்ளை படித்த மொழி வீட்டுக்குள் வந்தது. பெற்றோரின் மொழி செபமாலையோடு ஒதுங்கியது. எவரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தம் பிள்ளைக்கு எது நன்மை என்று தோன்றியதோ அதனையே அப்பெற்றோர் செய்தனர்.

இதே மாவட்டத்தில் மறுபக்கமும் உண்டு. உடப்பு மீனவர் இன்றும் தமிழர். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாடல்களுக்குப் பேர்போன ஊர் அது. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களின் வீட்டுமொழியும் தமிழே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே தஞ்சம் புகுந்த முஸ்லிம்கள், அகதி முகாம்களில் தம் பெருநாள்களைக் கொண்டாடியதும் தமிழ் பேசியே. உடப்பாருக்குத் தீமிதிப்பு, முஸ்லிம்களுக்கு ஈகைப் பெருநாள். சமயம் வேறு, திருநாள் வேறு. இருவருக்கும் பொதுவாய் இருந்தது தமிழ்மொழிப் பாடசாலை.

திருநாளே மொழியைக் காத்துவிடும் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். கடல்கடந்த தமிழரின் கதை அந்நம்பிக்கையை அசைக்கிறது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் திரளாகச் சென்றனர். அவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே தீமிதிக்கின்றனர். ஆனால் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் வீட்டுமொழி கிரியோலும் பிரெஞ்சுமே. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலிலும் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. அங்கே தமிழும் நிலைத்திருக்கிறது. தீ ஒன்றே. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பாடசாலையில் கற்பிக்கப்படுவது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முன்னேஸ்வரத்தில் சிங்கள பௌத்தர்கள் தமிழரோடு தோளுரச நின்று வணங்குவதைக் காணும்போது மனம் நிறைகிறது. தலவிலவிலும் இருமொழிகளிலும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. திருநாள் எம்மொழியாரையும் அணைத்துக்கொள்ளும். அது அதன் பெருமை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருநாளின் தலையில் மொழியைக் காக்கும் சுமையை ஏற்றிவிட்டு நாம் உறங்கலாகாது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் கூட்டம் குறைவில்லை. அக்கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் எம்மொழியில் தம் பாட்டியோடு பேசுகின்றனர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த மூதாட்டியின் பேரன் இப்போது வளர்ந்த ஆளாகியிருப்பான். தலவிலவுக்கு அவனும் தன் பிள்ளைகளை அழைத்துச் செல்வான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாட்டி அன்னம்மாளோடு எம்மொழியில் பேசினாள் என்பதை அப்பிள்ளைகளுக்கு அவன் சொல்வானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.