இரு முடிகளின் கீழ்

மண்ணாளும் அரசுக்கும் விண்ணாளும் இறைவனுக்கும் ஒருங்கே கடமைப்பட்டவன் கிறித்தவன். அவ்விரு கடமைகளும் தம்முள் முரணுமிடத்து அவன் செய்யத்தக்கது யாது? ஈழ வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலளிப்போர் மரணதண்டனைக்குரியர் எனக் கட்டளை பிறப்பித்தனர். ஆயினும், 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளைச் சில்லாலைக் கத்தோலிக்கர் மறைத்துக் காத்தனர். அவர்கள் அரசை எதிர்த்துப் படை திரட்டினாரல்லர். வழிபாட்டை மட்டும் கைவிட்டிலர். அதே ஆட்சியிற் சைவருட் பலரும், பதவி முதலிய உரிமைகளை இழவாதிருத்தற்பொருட்டு ஒல்லாந்தர் கோயிலிற் பெயர் பதிந்து, இல்லத்தில் தஞ்சமயம் பேணினர். ஆகவே இது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய துயரன்று.

1692இல் கண்டி சென்ற அடிகள், ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். எனினும், பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனே பின்னர் அவருக்குச் சமயப்பணி உரிமை நல்கினான். 1697இல் அந்நகரிற் பெரியம்மை பரவியபோது, அடிகள் மதவேற்றுமை பாராது நோயாளரைப் பேணினார். மண்ணரசுக்கு அவர் செலுத்திய திறை அதுவே.

கரையோரக் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை ஆங்கிலத் தேசாதிபதி மெயித்லண்ட் 1806இல் நீக்கினார். கொட்டாஞ்சேனையிற் சாந்த லூசியா பேராலயம் இன்று வெளிப்படையாக ஓங்கி நிற்கின்றது.

கிறித்தவ அரசு ஒறுத்தது. பௌத்த அரசு காத்தது. வரியும் உழைப்பும் அரசுக்குரியன. மனச்சான்றோ எவ்வரசுக்கும் உரியதன்று.