மண்ணெண்ணெயில் ஓடின காரும் இரண்டு பழைய கொம்பியூட்டர்களும்

யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவர் குறைந்த காசுக்கு மேசைக் கொம்பியூட்டர் தேடினால், கடைசியில் வந்து நிற்கிற இடம் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகள்தான். பெரிய நிறுவனங்கள் இவற்றைச் சில வருடம் பாவித்துவிட்டு மொத்தமாக மாற்றிவிடும். அப்படிக் கழிபடுகிறவை கைமாறிக் கைமாறி எங்கட கடைகளுக்கும் வரும். டெல் ஒப்ரிபிளெக்ஸ் 7010, ஒப்ரிபிளெக்ஸ் 9020 என்ற இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. முதலாவது 2012இல் வந்தது, மற்றது 2013இல். வெளியில் பார்த்தால் இரண்டும் கறுப்புப் பெட்டி. இதில் எதை எடுக்கிறது?

"புதுசை எடு" என்பது சுலபமான பதில். எங்கட குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு அந்தப் பதிலை ஒருக்கால் பொய்யாக்கியிருக்கு, இன்னொருக்கால் உண்மையாக்கியிருக்கு. இரண்டு கதையையும் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு வருவம்.

முதல் கதை 1990 ஜூனில் தொடங்குது. போர் மீண்டும் வெடித்தது. குடாநாட்டுக்குக் கறண்ட் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைப்பட்டியலில். அந்த வருடங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லுவினம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதைச் சொல்லுவினம். கட்டாயம் சொல்லுகிற இன்னொன்று, மண்ணெண்ணெயில் ஓடின கார்.

ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள்தான் அந்தக் காலத்தின் கதாநாயகர்கள். கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவினம். புகையும் மணமும் சொல்ல வேண்டாம், ஆனால் கார் ஓடும். இது ஏன் பழைய காருக்குப் பொருந்தியது? அவற்றின் எஞ்சின் எரிபொருளையும் காற்றையும் அமுக்கிற அளவு குறைவு. அமுக்கம் கூடின புதிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். எஞ்சின் இடிக்கத் தொடங்கி, கெதியில் பழுதாகும். அதோடு பழைய எஞ்சினைக் கழற்றி, உடைந்த பாகத்தை உள்ளூர் லேத்தில் கடைந்து, திரும்பப் பூட்ட எங்கட கராஜ்காரருக்கு ஏலும். அதனால் தடைக்காலத்தில், விலை கூடின புதிய வாகனத்தைவிட நாற்பது வருடப் பழைய கார் பெறுமதியானதாக மாறினது.

அப்ப கேட்கப்பட்ட கேள்வி வேகம் எவ்வளவு என்பதில்லை. இருக்கிற எரிபொருளில் இது ஓடுமா, உடைந்தால் இங்கேயே திருத்தலாமா என்பவைதான். அந்த இரண்டுக்கும் ஆம் சொன்னது பழசு.

இனி இரண்டாவது கதை. இது எழுத்தைப் பற்றியது.

1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் தராதரம் தாளில் இருந்தால் காணாது, மெசினுக்குள் வரவேணும். விண்டோஸ் குடும்பத்தில் தமிழ் யுனிகோட்டை முதன்முதலில் ஏற்றுக்கொண்டது விண்டோஸ் 2000. விண்டோஸ் 95இலும் 98இலும் அந்த வசதி இல்லை. அதனால் அந்தக் காலத்து மெசின்களில் தமிழ் எழுதியவர்கள் எழுத்துருவை வைத்து ஒரு தந்திரம் செய்ய வேண்டியிருந்தது. கொம்பியூட்டர் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தைத்தான் பதிந்து வைக்கும். திரையில் அதன் இடத்தில் தமிழ் வடிவம் தெரியும். இலங்கையில் இப்படி வேரூன்றினது பாமினி. தட்டச்சு மெசினில் பழகின கைக்கு அதன் விசைப்பலகை ஒத்துப்போனது. அச்சகம், பத்திரிகை, பாடசாலை, அலுவலகம் என்று எல்லா இடமும் அது பரவினது.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, ஏப்பிரலில் ஏ9 பாதை திறந்தபோது பொருட்கள் வரத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. உலகம் யுனிகோட்டுக்கு மாறிக்கொண்டிருந்த அதே வருடங்கள் இவை. பழைய மெசின் இருக்கிற இடத்தில் பழைய முறையே நிலைக்கும். மெசின் மாறின பிறகும் கை மாறாது. பாமினியில் அடித்த ஒரு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்து பாருங்கோ: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை தெரியும். அதற்குள் ஓர் ஊரின் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. எத்தனை பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், ஆய்வேடுகள் இப்படிக் கிடக்கின்றன என்று யோசியுங்கோ. 1981இல் நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த ஊரில், எரியாமலே எழுத்து தொலைகிற வழி இது.

இந்தக் கதையில் பழசு எங்களைக் காப்பாற்றேல்லை, பின்னுக்கு இழுத்தது. மண்ணெண்ணெய் முப்பது வருடமாக அதே மண்ணெண்ணெய்தான். மென்பொருள் அப்படி இல்லை. கொம்பியூட்டரின் எரிபொருள் மென்பொருள் என்று வைத்துக்கொண்டால், அந்த எரிபொருளின் தரம் சில வருடத்துக்கு ஒருக்கால் மாறும்.

இப்ப அந்த இரண்டு பெட்டிக்கும் வருவம். 7010இல் இன்ரெல்லின் மூன்றாம் தலைமுறைச் சிப், 9020இல் நான்காம் தலைமுறை. இரண்டும் டி.டி.ஆர் 3 ராம்தான் எடுக்கும், கூடியது 32 ஜிபி. சாதாரண வேலையில் வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உண்மையான வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கு.

முதலாவது பவர் சப்ளை. 7010இன் பெரிய ரவர் பெட்டியில் எல்லாரும் பாவிக்கிற 24 பின் இணைப்பு இருக்கு. எரிந்தால் எந்தக் கொம்பியூட்டர் கடையிலும் ஒன்றை வாங்கிப் பூட்டலாம். 9020இல் டெல் தனக்கென்று ஓர் 8 பின் இணைப்புக்கு மாறிவிட்டது, சாதாரண சப்ளை நேரே பொருந்தாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் நின்றதை நாங்கள் மறக்கேல்லை. கறண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அடிக்கடி அடிவாங்குகிற பாகம் பவர் சப்ளைதான். ஒஸ்ரின் கதையின்படி பார்த்தால் 7010 வெல்லும்.

இரண்டாவது சிப்பின் உள்ளே. நான்காம் தலைமுறையில் ஏ.வி.எக்ஸ் 2 என்ற புதிய கட்டளைத் தொகுதி சேர்ந்தது, மூன்றாவதில் அது இல்லை. பல வருடமாக இது ஒருவருக்கும் பிரச்சினையாக இருக்கேல்லை. இப்ப மென்பொருள் செய்கிறவர்கள் அதைக் கட்டாயமாக்கத் தொடங்கியிருக்கினம். 2025இல் வந்த ரெட் ஹற் என்ரர்பிரைஸ் லினக்ஸ் 10 அது இல்லாத சிப்பில் ஓடாது. விண்டோஸ் பக்கம் இரண்டுக்கும் ஒரே நிலைமை: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறைச் சிப். ஆகவே இரண்டுக்கும் இனி லினக்ஸ்தான் சரியான வழி. அந்த வழியில் கூடத் தூரம் போகக்கூடியது 9020. பாமினிக் கதையின்படி அதுதான் வெல்லும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லு என்றால் நான் 9020ஐத்தான் சொல்லுவன். காரணம் எளிது. பவர் சப்ளைப் பிரச்சினைக்கு மருந்து இருக்கு: 24 பின்னை 8 பின்னாக மாற்றுகிற ஒரு சின்ன வயர். அதைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கி வைத்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. சிப்பில் இல்லாத கட்டளையை எந்த வயராலும் சேர்க்க ஏலாது. வீட்டில் ஏற்கனவே 7010 இருந்தால் எறிய வேண்டாம். அதை ஏற்றுக்கொள்கிற லினக்ஸ் இன்னும் நிறைய இருக்கு. எஸ்.எஸ்.டி ஒன்றைப் போட்டால் படிப்புக்கும் எழுத்துக்கும் தாராளமாகக் காணும்.

வாங்கப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. டெல் 2023இல் 7010 என்ற அதே பெயரில் முற்றிலும் புதிய மொடல் ஒன்றை வெளியிட்டது. அதனால் பெயரை மட்டும் கேட்டுக் காசு கொடுக்காதேங்கோ. பெட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லி, சிப் எந்தத் தலைமுறை என்று திரையில் பாருங்கோ. ரவர் பெட்டியா சின்னப் பெட்டியா என்றும் பாருங்கோ, சின்னதுக்குச் சாதாரண சப்ளை உள்ளேயே போகாது. யு.பி.எஸ்ஸுக்கும் கொஞ்சக் காசு ஒதுக்குங்கோ.

எங்கட முந்தின தலைமுறை பழைய மெசினை விரும்பித் தேர்ந்தெடுக்கேல்லை, வேற வழி இல்லாமல் அதை ஓட வைத்தது. எங்களுக்கு முன்னால் குறைந்தது இரண்டு பெட்டியாவது இருக்கு. அவர்கள் கேட்ட இரண்டு கேள்வியையும் கேட்டு, இன்னும் ஐந்து வருடத்துக்குப் பிறகு இதில் தமிழ் எழுதித் தேட முடியுமா என்ற மூன்றாவதையும் கேட்டு, ஒன்றை எடுப்பம்.