மின்சாரம் இல்லாத பேரோசை: நம்ம காஞ்சியின் ‘ஃபுல் பெஞ்ச்’



"வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதுங்க அண்ணே, ஆனா பல்லவர் வேணாம், எல்லா மலர்லயும் போட்டாச்சு" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஒன்றுகூடல் விழாவுக்கு மின் கிதார், டிரம்ஸ் சகிதம் ‘புளூஸ்’ வாசிக்கும் குழுவை அழைக்க வேண்டும் என்று மாணவர்கள் சொல்ல, "நம்ம ஊருக்கும் பேண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் ஒரு மூத்தவர். சம்பந்தம் நிறையவே உண்டு. அதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திப் பண்ணையில் வேலை செய்த மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர், 1943-ல் பிழைப்புத் தேடி சிகாகோ நகரம் வந்தார். கிராமத்துத் திண்ணையில் கேட்ட சாதாரணக் கிதார், நகரத்து மதுக்கடை இரைச்சலில் காணாமல் போனது. சில ஆண்டுகளுக்குள் அவர் மின் கிதாருக்கு மாறினார். லிட்டில் வால்டர் தன் மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துப் பிடித்து ஊதினார். ஜிம்மி ராஜர்ஸ் இன்னொரு கிதார், ஓட்டிஸ் ஸ்பான் பியானோ. இப்படிப் பிறந்ததுதான் மின்சார புளூஸ். நம் நாட்டிலும் அதற்கு வாரிசு உண்டு. 2003-ல் ஷில்லாங்கில் ரூடி வாலாங், திப்ரிதி கர்பங்கர் இருவரும் தொடங்கிய ‘சோல்மேட்’ குழு, 2007-ல் மெம்பிஸ் நகரத்து சர்வதேச புளூஸ் போட்டி வரை போய் வாசித்தது.

ஆக, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் காது கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. அதே கேள்வி இங்கேயும் இருந்தது. மைக் வருவதற்கு முன்னால் பந்தலில் பாடியவர்களுக்கு இருந்த துணை, தொண்டையும் பக்கவாத்தியமும்தான். வயலின் சத்தம் போதவில்லை என்று மைசூர் சௌடையா 1920-களின் பிற்பகுதியில் ஏழு தந்தி வயலினையே செய்துகொண்டார். நம்ம காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் வேறு வழியில் போனார். அவர்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை.

1889-ல் பிறந்தவர், இயற்பெயர் சுப்பிரமணியம். கோயில் இசை மரபில் வந்த குடும்பம். தாயார் காமாட்சி அம்மாள், சிற்றன்னை தனகோடி அம்மாள். இந்தச் சகோதரிகள் சேர்ந்து பாடிப் புகழ் பெற்றவர்கள். தனகோடி அம்மாளின் குரல் கிராமபோன் தட்டுகளில் அந்தக் காலத்திலேயே பதிவானது. பிள்ளையோ சிறு வயதில் பாட்டை விட்டுவிட்டுக் குஸ்தியிலும் கசரத்திலும் நாட்டம் கொண்டிருந்தாராம். பின்னாளில் இசைக்குத் திரும்பி, ஜலதரங்கம் ரமணய்யா செட்டியாரிடம் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். தாளத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கினார். கடினமான சந்தங்களில் அமைந்த திருப்புகழை மேடையில் விரும்பிப் பாடியவர் அவர்.

பல நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து விசாரிப்பதை வக்கீல்கள் ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள். நாயனாப் பிள்ளை கச்சேரிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிரம்பியிருக்கும். வெவ்வேறு சமயங்களில் அவரோடு அமர்ந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? வயலினுக்கு மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மிருதங்கத்துக்குக் கும்பகோணம் அழகநம்பிப் பிள்ளை, கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை. இவர் தவில் வாசித்துவிட்டுக் கொன்னக்கோலுக்கு வந்தவர். வாயாலேயே ஜதி சொல்வார்.

அந்த ஓசை எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு வாத்தியமும் ஒரு வேலை பார்க்கும். மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து நடுவில் நிற்கும். உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா, ஒற்றைக் கையால் அடித்தாலும் அடிவயிற்றில் இடிக்கும். மண் கடம் கணகணவென்று மேலே நிற்கும். மோர்சிங் ரீங்கரிக்கும். பல்லவி முடிந்து தனி ஆவர்த்தனம் வந்தால், ஒருவர் வாசித்ததை அடுத்தவர் வாங்கி பதில் சொல்வார். எட்டு நாலாகும், நாலு ரெண்டாகும், இதுதான் குறைப்பு. கடைசியில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து மூன்று முறை கோர்வை வைத்து, பாடகர் பல்லவியைத் தொடங்கும் இடத்துக்குச் சரியாக வந்து விழ வேண்டும். அரை அட்சரம் பிசகினால் மானம் போச்சு! இத்தனை பேர் நடுவே தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றவர் நாயனாப் பிள்ளை.

செவிலிமேட்டுக்காரனான எனக்கு இந்தக் ‘கோர்வை’ என்ற சொல் மேலே தனிப் பிரியம். நம்ம தறியிலும் அதே சொல்தான். உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். நெசவாளிக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா தள்ள ஒரு பையன் வேண்டும். இருவர் கையும் ஒத்துப்போனால்தான் கரை பிரியாத புடவை. மிருதங்கக்காரரும் கஞ்சிராக்காரரும் செய்ததும் அதைத்தானே?

அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர், 1919-ல் இங்கே பிறந்த டி. கே. பட்டம்மாள். நாயனாப் பிள்ளை ஆண்டுதோறும் நடத்திய தியாகராஜர் விழாவின் போட்டியில், சிறுமியாகப் பாடிப் பரிசு வாங்கினார். பெண்கள் பல்லவி பாடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் மேடையில் பல்லவி பாடி நிலைநாட்டினார். சீடர் சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை அந்தப் பாணியை 1975 வரை காப்பாற்றினார்.

1934-ல் நாயனாப் பிள்ளை மறைந்தார். வயது 45 கூட நிறையவில்லை. அவர் குரல் இசைத்தட்டில் இல்லை. வருத்தம் இதுதான்: சிற்றன்னையின் குரல் இருக்கிறது, சீடரின் குரல் இருக்கிறது, நடுவில் நின்ற மனிதரின் குரல் மட்டும் இல்லை. மடி வாட்டர்ஸ் குழுவின் ஒவ்வொரு உறுமலையும் இன்று செல்போனில் கேட்கலாம். காஞ்சியை அதிரவைத்த ஃபுல் பெஞ்சையோ, கேட்டவர்கள் சொன்ன சொல்லை வைத்துத்தான் ஊகிக்கிறோம். மைக் வந்தபின் அத்தனை வாத்தியம் தேவையில்லாமல் போனது. கச்சேரி மேடையும் பெரும்பாலும் வயலின், மிருதங்கம் என்று சுருங்கிவிட்டது.

செவிலிமேடு 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியும் ஆனது. ஊர் வளர்கிறது, ஓசைகள் குறைகின்றன. தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் நாதஸ்வரம், தவில் வாசிக்கும் பெரியவர் இருப்பார். கொன்னக்கோல் தெரிந்த தாத்தா இருப்பார். குழித்தறியில் மிதிகட்டை சத்தம் இன்னும் கேட்கும் வீடு இருக்கும். கையில் உள்ள போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். யார், எந்த ஊர், என்ன தேதி என்று மறக்காமல் எழுதி வையுங்கள். பக்கத்தில் தம்புரா மீட்டியவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வரலாறு முதலில் மறப்பது அவரைத்தான். அந்தப் பதிவுகளைக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியில் பத்திரப்படுத்தும் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளலாம். அதிகம் ஒன்றும் ஆகாது.