ஆறு இலக்கங்கள் வந்த வரலாறு

பணி ஓய்வு பெற்றுப் பிலாஸ்பூரில் குடியேறிய முதிய உறுப்பினர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நாம் அனுப்பிய விழா அழைப்பு, இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூருக்குச் சென்று திரும்பி வந்தது. அவர் இருப்பதோ சத்தீஸ்கரிலுள்ள இரயில் நகரமான பிலாஸ்பூர். சங்கம் தம்மை மறந்துவிட்டதென்றே அவர் எண்ணியிருந்தார். பிழை நம்முடையதே; பதிவேட்டில் ஊர்ப் பெயர் மட்டுமே இருந்தது.

இத்தகைய குழப்பம் பழையது. நம் நாட்டில் ஒரே பெயருடைய ஊர்கள் பல. முகவரி எழுதும் மொழிகளும் பல. கடிதம் பிரிப்பவர் எல்லா எழுத்தையும் கற்றிருக்க இயலுமோ? இவ்விடர் நீங்க, மத்தியச் செய்தித் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பார் (வடமொழிக் கவிஞருமாவார்) ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு முறையை வகுத்தார். 1972 ஆகஸ்டு 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்து கடிதம் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் பட்டுவாடா அஞ்சலகத்தையும் காட்டும். 174001 எனில் இமாசலம்; 495001 எனில் நம் பெரியவரின் ஊர்.

இவ்வாண்டு அவருக்கு எண்ணுடன் அனுப்பியுள்ளோம். ஏனைய அன்பர்களும் தத்தம் எண்ணைப் பந்தல் வாயிலிலுள்ள பதிவேட்டில் எழுதியருள வேண்டுகிறோம்.