தேர்த் தெருவும் பொதுத் தெருவும்

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் நடந்து சென்ற பழக்கமுடையோர் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். தெருவின் நீளத்திற்குப் பாவு விரிந்திருக்கும். ஆடவரும் பெண்டிரும் இருமருங்கும் நின்று, கஞ்சி தோய்ந்த நூலை இழை ஒட்டாமல் ஆற்றிக்கொண்டிருப்பர். அந்நேரத்தில் மாட்டுவண்டி வந்தால் வண்டிக்காரர் அடுத்த தெருவழியே திருப்பிக்கொண்டு போவார். மிதிவண்டியில் வந்தவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு செல்வார். தெருவை அடைக்கும்படி எந்த அதிகாரியும் ஆணையிட்டதில்லை; அடைத்தார்கள் என்று எவரும் முறையிட்டதுமில்லை. வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிவிடுவார்கள். தெரு மறுபடியும் எல்லாருக்கும் உரிய தெருவாகிவிடும்.

இத்தனை எளிதாகத் தீர்ந்த ஒரு செய்தி, திருவிழா என்றும் ஊர்வலம் என்றும் வரும்போது மட்டும் ஏன் வழக்காகவும் கலகமாகவும் மாறியது? மாணவ மாணவியர் சிந்திக்கத்தக்க வினா இது. நம் வட்டாரத்தின் சென்ற நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இவ்வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தி, செவலில் கம்பும் சோளமும். குண்டாறு மழை பெய்தால் ஆறு. மற்ற மாதங்களில் மணற்பரப்பு. நீர் ஊற்றிப் புல் வளர்க்கும் பூங்காவை இந்நிலத்தில் நம் முன்னோர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. ஊருணிக் கரை, கோயில் முன்னுள்ள பொட்டல், சந்தைப்பேட்டை, தெரு ஆகிய இவையே ஊரார் கூடுமிடங்கள். ஆதலால் வேறு நகரங்களில் பூங்காவைக் குறித்தும் திடலைக் குறித்தும் எழும் பூசல், இங்கே தெருவைக் குறித்தே எழுந்தது.

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு மார்கழித் திருவாதிரை இரவை எண்ணிப் பாருங்கள். திருமேனிநாதர் கோயிலின் நடராசப் பெருமான் வீதியுலா முடித்துக் கோயிலுக்குள் திரும்பும் வேளையில், அருகிலிருந்த ஒரு வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர். தந்தையார் சுந்தரம் ஐயர் அவ்வூர் நீதிமன்றத்தில் வழக்காடியவர். வீதியுலா வரும் அதே வீதியில் வழக்காடுவோர் வீடும் இருந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறு புன்னகை தோன்றும். சாமி புறப்பாடும் நீதிமன்றப் படியும் அக்காலத்தில் அவ்வளவு நெருங்கி வந்துகொண்டிருந்தன.

காரணம் இதுதான். பழைய முறையில், எந்தத் தெருவில் எவர் எந்த மேளத்தோடு போகலாம் என்பதை வழக்கமே முடிவு செய்தது. மண்டகப்படி யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, பல்லக்கு யாருக்கு என்பனவெல்லாம் ஊர் நினைவில் எழுதப்பட்டிருந்தன. அந்த நினைவு அனைவருக்கும் நியாயமாக எழுதப்பட்டதன்று. சிலர் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் கூடாதென்று அது விதித்திருந்தது. பிறகு வந்த ஆங்கில ஆட்சி, தெரு அரசுக்கும் பொதுமக்களுக்கும் உரியது என்ற வேறொரு கருத்தைக் கொணர்ந்தது. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் ஊர்வலங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் போலீசாருக்கு அளித்தது. 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டம், கலகம் நேருமென அஞ்சினால் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்கு அளித்தது. அவ்வதிகாரம் 1882இல் 144ஆம் பிரிவு என்று எண் பெற்று, நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாயில் "நூற்றிநாற்பத்துநாலு" என்றே வழங்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவாகும். எண் மாறியது, பொருள் மாறவில்லை.

வழக்கமும் சட்டமும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் எது விலகுவது? 1882இல் சேலத்தில் அவ்வாறு நேர்ந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் கட்டப்பட்ட பள்ளிவாசலின் முன்னே மேளதாளத்துடன் சாமி ஊர்வலம் போகலாமா என்ற பூசல் பெருங்கலகமாயிற்று. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. கலகத்தைத் தூண்டினார் என்று நகராட்சி உறுப்பினராயிருந்த சேலம் விஜயராகவாச்சாரியாரைத் தண்டித்தார்கள். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னர் 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் இவரே. அக்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளில் ஒரு கொள்கை உருவாகி வந்தது. பொதுச் சாலையில் ஊர்வலம் செல்ல எவருக்கும் உரிமை உண்டு. தொழுகை நடத்துவோருக்கு அதனால் இடையூறு நேரக் கூடாது. அதிகாரியின் முதற்கடமை உரிமையைக் காப்பது. உரிமையை நிறுத்திவைப்பது வேறு வழியற்ற நேரத்திற்கு மட்டுமே. நீதிபதிகளின் இந்த வரிசை முறையை நான் மிகவும் மதிக்கிறேன். தடை செய்வது எளிது, காவல் தருவது கடினம் என்பதை அறிந்து, கடினமானதை முன்னே வைத்தார்கள்.

ஆனால் தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. இனி நான் சொல்லப் போவதைச் சாதிப் பெயரின்றிச் சொல்ல இயலாது. எவர் வழித்தோன்றலையும் குறை கூறும் நோக்கமில்லை என்று முன்னதாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. வெட்டுவான் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூர் அந்நாளில் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. மலையடியிலுள்ள முருகன் கோயிலைச் சூழ்ந்த தேர்த் தெருக்களில் தாங்களும் ஊர்வலம் போக வேண்டுமென அவ்வூர் நாடார்கள் நெடுங்காலம் கேட்டு வந்தனர். அவை கோயிலுக்குரிய தெருக்கள் என்றது ஜமீன் தரப்பு. அவை பொதுத் தெருக்கள் என்றனர் நாடார்கள். நீதிமன்றம் ஏறியும் பிணக்குத் தீரவில்லை. மனம் வெறுத்த சிலர் கத்தோலிக்க சமயம் தழுவினர். தேர்த் தெருவிலேயே ஒரு வீட்டை வாங்கி வழிபாட்டிடமாக்கி, அதன்முன் பந்தலும் இட்டனர். 1895ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பங்குனி உத்திரத் தேர் வந்தது. பந்தல் நின்ற இடத்தில் தேர் நின்றது. பந்தலைப் பிரி என்பது ஒரு குரல். பிரிக்க மாட்டோம் என்பது மற்றொரு குரல். அன்று ஜமீன் மேலாளர் உட்படப் பலர் மாண்டனர், வீடுகள் எரிந்தன.

இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள், "தவறு யார்மீது, ஐயா?" என்று கேட்பார்கள். தேர்வடத்தைப் பிடித்தவன் தன் பாட்டன் இழுத்த வழியில் இழுத்தான். பந்தற்கால் நட்டவன், தன் பாட்டனுக்கு மறுக்கப்பட்ட தெருவில் நட்டான். ஒரு நாழிகைப் பந்தலைப் பிரித்திருந்தால் தேர் போயிருக்கும் என்பது உண்மைதான். ஐம்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் அத்தெருவை அவர்களுக்குத் திறந்திருந்தால், அந்தப் பந்தலே எழுந்திராது என்பதும் உண்மையே. இரண்டாவது உண்மைக்கே எடை மிகுதி என்பது என் கருத்து.

அடுத்து, குண்டாற்றின் போக்கில் திருச்சுழிக்குக் கீழே உள்ள கமுதி. 1897 மே 14 அன்று நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து தாமே வழிபாடு செய்தனர். கோயில் தருமகர்த்தாவாகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றமும், 1901இல் உயர் நீதிமன்றமும், 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. இடையில், 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. வழக்கமே உரிமை என்பதுதான் அந்நாளைய நீதிமன்றத்தின் முடிவு. பதினொரு ஆண்டு வழக்காடித் தோற்ற பின் என்ன செய்வது?

அவர்கள் செய்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் அவர்களுக்குப் பேட்டைகள் இருந்தன. மதில் சூழ்ந்து, கதவிட்டு, வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கும் இடங்கள் அவை. பிறர் தெருவில் இடமில்லாதவன் தனக்கென அடைத்துக்கொண்ட இடம் என்றும் அதனைக் கூறலாம். அங்கே ஒவ்வொரு வணிகனும் தந்த மகமைப் பணத்தைக் கொண்டு பள்ளிகள் எழுந்தன. விருதுபட்டியில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. மதிலுக்குள்ளிருந்து பிறந்த பள்ளி, மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் உரியதாயிற்று. அவ்வூரில் 1903இல் பிறந்து அப்பள்ளியில் பயின்றவர் காமராசர் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தெருவின் கதை இதற்குப் பின் விரைவாக நகர்ந்தது. 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலையில் நடக்கும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் அதில் சிறை சென்றார். அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் குளமும் சந்தையும் எவருக்கும் மூடப்படலாகாது என்றது. வடநாட்டில் ஷியா, சன்னி முஸ்லிம்களிடையே ஊர்வலம் பற்றி எழுந்த வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் அளித்த முடிவு 1925இல் வெளியாயிற்று. சமய ஊர்வலத்திற்குப் பொதுச் சாலையில் உரிமை உண்டு, போக்குவரத்து விதிகளுக்கும் பிறர் உரிமைக்கும் அது உட்பட்டது என்பதே அம்முடிவு. 1939இல் மதுரையில் ஆலயக் கதவு திறந்தது. 1950இல் அரசியலமைப்பின் 15ஆம் விதி சாலையையும் கிணற்றையும் குளத்தையும் ஒரே வரியில் சேர்த்து அனைவருக்கும் உரியவையாக்கியது. 1959இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 1972இல் அகமதாபாத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்கலாகாது என்று கூறிற்று.

இன்று எவர் ஊர்வலம் எத்தெருவில் போகலாம் என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. எஞ்சியிருப்பது எத்தனை நாழிகைக்கு, எவ்வளவு அகலத்திற்கு என்ற வினா. ஆண்டுதோறும் செப்டம்பரில் பரமக்குடியிலும் அக்டோபரில் பசும்பொன்னிலும் நினைவு நாட்கள் வரும்போது, இராமநாதபுரம் மாவட்டத்தில் தடையாணை வருகிறது. வண்டிகளுக்கு வழி வகுத்துத் தருகிறார்கள். 1957இன் துயரத்தையும், 2011இல் பரமக்குடியில் நேர்ந்த துப்பாக்கிச் சூட்டையும் அறிந்தவர்கள் இம்முன்னெச்சரிக்கையைக் குறை கூற மாட்டார்கள். எனினும் அன்று மருத்துவமனைக்குப் போக வேண்டிய கிராமத்துத் தாய்க்கு எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதையும், தடையாணையைப் போலவே அறிவித்தல் வேண்டும்.

அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல். மாரியம்மனுக்குப் பூச்சட்டி ஏந்தி மக்கள் அலையலையாக வருவர். மஞ்சள் ஆடையும் வேப்பிலையும் தீச்சட்டியின் வெளிச்சமுமாகத் தெரு நிறைந்திருக்கும். நானும் சிறுவனாயிருந்தபோது அக்கூட்டத்தில் தந்தையார் தோள்மீதிருந்து கண்டவன். ஆனால் தலைமையாசிரியரானபின் பங்குனி என்றாலே எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். பொதுத் தேர்வும் அதே நாட்களில் வருமன்றோ! ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்குமேல் இயக்கக் கூடாதென்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விழா நாட்களில் சிலவற்றுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை தளர்வும் தரலாம் என்கிறது. விதியை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது? ஒருமுறை, பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு முதல் நாள் மாலை, ஒரு தெருவின் விழாக் குழுவினரிடம் போனேன். குழுத் தலைவர் என் பழைய மாணவர். கணக்கில் சற்றுப் பின்தங்கியவர்தான்.

"ஐயா, மேளத்தை நிறுத்த முடியாது. குழாயை மட்டும் கீழே இறக்கிடுறோம்" என்றார்.

"காலையிலே பிள்ளைகள் வர வழி?" என்றேன்.

அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். கிழக்குப் பக்கத்துக் கால் இரண்டையும் இரவோடிரவாகப் பிடுங்கி, ஓரடி உள்ளே தள்ளி நட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு, பூச்சட்டிகள் ஒரு பக்கம் போக, நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்த பிள்ளைகள் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தனர். விபூதி வைத்துவிடச் சொல்லி இரண்டொரு பையன்கள் பூச்சட்டிக்காரர் முன் நின்றதால்தான் சிறிது தாமதமாயிற்று.